பிழையில்லாத பெட்டி

எனக்கு யாரையும் லேசில் நம்ப வராது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தால் என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். டீக்கடையில் தெரியாத ஒருவர் என் மேசைக்கு முக்காலியை இழுத்துப் போட்டால், பேச்சை மழைக்கு மாற்றிவிடுவேன். தொண்ணூறுகளின் நடுவில், ராணுவ ஆட்சியில் இருந்த ரங்கூனில் இது எனக்கு மட்டும் இருந்த வியாதி இல்லை. எதிர்வீட்டுக்காரர் நலம் விசாரித்துவிட்டுப் போனால், அவர் எதற்காக விசாரித்தார் என்று கதவைச் சாத்திக்கொண்டு ஆராய்கிற ஊர் அது. ஊரே அப்படி இருக்கும்போது நான் மட்டும் வெள்ளந்தியாக இருந்து என்ன செய்ய?

அப்போது நான் பன்சொடான் தெரு நடைபாதையில் ஒரு டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருந்தேன். பல்கலைக்கழகங்கள் மூடிக் கிடந்து, திறந்து, மறுபடியும் மூடி, ஒருவழியாக நான் ஆங்கிலத்தில் பட்டம் வாங்கி வெளியே வந்தபோது, அந்தப் பட்டத்துக்கு இந்த ஒரு வேலைதான் கிடைத்தது. கப்பல் வேலைக்குப் போகிறவர்களுக்கு விண்ணப்பம், சிங்கப்பூரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குக் கடிதம், என்ன கேட்டாலும் அடித்துக் கொடுப்பேன். தலைக்கு மேலே ஒரு நீல பிளாஸ்டிக் தாள் கட்டியிருந்தேன். பெருமழை வந்தால் அது தாங்காது. டைப்ரைட்டரை மடியில் வைத்து அதன் மேல் நான் கவிழ்ந்துகொள்வேன்.

வருமானம் இப்படி இருந்தாலும் என் ஆங்கிலத்தின் மேல் எனக்கு அசாத்தியத் திமிர் இருந்தது. அப்பா அலோன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவருடைய அப்பாவும் அதே துறையில் அதே வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் முதுகை நம்பாமல் படிப்பை நம்பி வெளியே வந்த முதல் ஆள் நான்தான். யாராவது ஆங்கிலத்தில் தப்பாக எழுதியிருப்பதைப் பார்த்தால், என் சட்டையில் எச்சில் துப்பியது போல எனக்குக் கோபம் வரும்.

இந்த நேரத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் ரங்கூனுக்கு வடக்கே மாவ்பியில் இருந்தாள். கோயிலில் பழக்கமான ஒருவர் சொல்லி, அப்பா அம்மாவோடு ரயிலேறிப் போனோம். அவள் டீத் தட்டோடு வந்து என் முன்னால் கோப்பையை வைத்தாள். அதில் இறங்கப் பார்த்த ஈயைக் கையால் விரட்டினாள். ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஆனாலும் எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. கட்டினால் இவளைத்தான் கட்ட வேண்டும் என்று அந்தக் கோப்பை காலியாவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

தடையாக நின்றவர் அவளுடைய அப்பா. மாவ்பிச் சந்தையில் நெல்லும் பயறும் வாங்கி விற்கிறவர். மூட்டையின் வாயை அவிழ்த்து மேலே இருப்பதைப் பார்த்து விலை பேசுகிற ஆள் இல்லை. குத்தூசியை மூட்டையின் நடுவயிற்றில் சொருகி, உள்ளே இருக்கும் மணியை உருவி எடுத்து, உள்ளங்கையில் போட்டு ஊதிப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார். சந்தேகத்தில் என்னை மிஞ்சிய ஒரு மனிதரை நான் அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

"தம்பி ஆளு நல்லாத்தான் இருக்கீங்க. ஆனா ரோட்டுல உக்காந்திருக்கீங்க" என்றார். "மழை பெஞ்சா எந்திரிச்சுப் போற வேலைய நம்பி நான் பொண்ணக் குடுக்க முடியாது. தலைக்கு மேல கூரை இருக்கிற எடத்துல ஒரு வேலையப் பாத்துக்கிட்டு வாங்க, பேசலாம். தீபாவளி வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல, மோல்மேன்ல ஒரு எடம் கேட்டுக்கிட்டிருக்காங்க."

அடுத்த மாதங்களில் நான் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. எல்லா இடத்திலும் சர்டிபிகேட்டைப் பார்த்தார்கள், என் முகத்தைப் பார்த்தார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை.

அப்படி இருக்கையில், மழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு முற்பகலில், ஒரு சீனாக்காரர் வந்து என் டைப்ரைட்டர் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்தார். நாற்பதை நெருங்கிய வயது, கைலி, கையில்லாத பனியன், கழுத்தில் ஒரு துண்டு. இங்கேயே பிறந்து வளர்ந்த சீனர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. நாங்கள் பேசியது பர்மிய மொழியில்.

"சயா, இதுல இருக்கிற இங்கிலீசு தப்புன்னு சொல்றாங்களே, நெசமா?" என்றார். சயா என்றால் வாத்தியார். படித்தவன் மாதிரித் தெரிகிற யாரையும் அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

எனக்கு உடனே சந்தேகம் தட்டியது. வியாபாரி ஒருவன் தன் பெட்டியில் இருக்கும் ஆங்கிலத்தைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? என் வாயைக் கிளறி எதையாவது பிடுங்க வந்திருக்கிறானா? பிடி கொடுக்காமல் பெட்டியைத் திருப்பினேன். அது சுடுதண்ணீர் பிளாஸ்க்குப் பெட்டி. சீன எழுத்துகளுக்குக் கீழே ஆங்கிலத்தில் இரண்டே வரி. அதன் பொருள் இதுதான்: "குழந்தைகளை ஊற்றுவதற்கு முன் நன்றாகக் கழுவவும். மூடியைத் திறக்கும்போது உங்கள் முகத்தைத் தூர எறியவும்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் சொன்னதைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. பெட்டியை வாங்கி ஒரு தடவை பார்த்தார். "போன மாசம் சிங்கப்பூர்லேருந்து வந்த ஒருத்தர் என் கடையில நின்னு இதைப் போட்டோ புடிச்சிட்டுப் போனாரு. நான் பிளாஸ்க்கு அழகா இருக்குன்னு புடிக்கிறாருன்னு நெனச்சேன்" என்றார். மனிதருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

சீனர்கள் நிறைந்த லத்தா பக்கம் ஒரு தெருவில் அவருக்குக் கடை இருந்தது. சீன எல்லையிலிருந்து லாரியில் வருகிற சாமான்கள் மழையில் நனைந்து, பெட்டி நைந்து வந்து சேரும். எப்படியும் ரங்கூனில் புதுப் பெட்டி அச்சடிக்கத்தான் வேண்டியிருந்தது. அடிக்கிறதுதான் அடிக்கிறோம், சரியான ஆங்கிலத்தில் அடித்துவிட்டால் என்ன என்று யோசித்திருக்கிறார். "நீங்க வந்து எழுதிக் குடுங்க சயா. சாமான் நல்லா ஓடினா கடையிலேயே கணக்கு, கடிதம் எல்லாம் நீங்களே பாத்துக்கலாம். நிரந்தரமா" என்றார்.

கடைக்குக் கூரை இருந்தது. ஓட்டுக் கூரை. நான் போய் முதலில் பார்த்தது அதைத்தான். ஆனாலும் சந்தேகம் விடவில்லை. புதுப் பெட்டி அடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளூர்ச் சரக்கை அடைத்து விற்கிறாரோ, நாளைக்குப் போலீஸ் வந்தால் பெட்டி எழுதினவன் கையில்தான் விலங்கு விழுமோ என்று பயந்தேன். முதல் சில நாள்கள், அவர் இல்லாத நேரம் பார்த்துச் சாமான்களை ஒவ்வொன்றாகத் திறந்து சோதித்தேன். எல்லாம் ஒழுங்கான சரக்காகத்தான் இருந்தது. அவரும் என்னைச் சும்மா விடவில்லை. நான் வீட்டுக்குக் கிளம்பும்போது என் துணிப்பையை ஒரு தடவை தூக்கிக் கனம் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். அதனால் எங்களுக்குள் மனத்தாங்கல் எதுவும் வரவில்லை.

வேலை சுவாரசியமாக இருந்தது. தலைவலித் தைலத்தின் பெட்டி, "தவறி வயிற்றுக்குள் போய்விட்டால் உடனே மருத்துவரைத் தடவவும்" என்றது. கொசுவர்த்திப் பெட்டி, "கொசுக்கள் நிம்மதியாக உறங்கும், குடும்பம் முழுவதும் ஓடிவிடும்" என்று உறுதி கொடுத்தது. ஒரு குடை, தான் காற்றை மதிப்பதாகவும் காற்று தன்னை மதிக்காவிட்டால் கம்பெனி பொறுப்பில்லை என்றும் சொல்லிக்கொண்டது. நான் தனியாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, பிறகு சட்டையைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொன்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திருத்துவேன்.

எனக்குச் சீனம் தெரியாது. அதனால் முதலாளியிடம், "அகோ, இங்கே சீனத்துல என்ன போட்டிருக்கு?" என்று கேட்பேன். அகோ என்றால் அண்ணன். அவர் பெட்டியைக் கையில் வாங்கி, கண்ணைச் சுருக்கி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்ல சாமான்னு போட்டிருக்கு" என்பார். தைலத்துக்கும் அதே பதில்தான், குடைக்கும் அதே பதில்தான். ஏதோ மறைக்கிறார் என்று எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் சின்னப் பையனா இருக்கிறப்பவே எங்க சீன ஸ்கூல மூடிட்டாங்க சயா. எனக்கு நம்பரும் என் பேரும்தான் படிக்கத் தெரியும். கடைக்கு வர்றவங்க எல்லாரும் நான் படிப்பேன்னு நெனக்கிறாங்க. அவங்ககிட்ட எப்பிடிச் சொல்றது?" என்றார். எனக்கு அவர் மேல் முதன்முதலாகப் பிரியம் வந்தது அன்றைக்குத்தான்.

பிறகு சாமானையே பார்த்து, என்ன சொல்ல வந்திருப்பார்கள் என்று ஊகித்து எழுதினேன். ஒரு புள்ளி பிசகாத ஆங்கிலம். பிளாஸ்க்கு, தைலம், சோறு பொங்குகிற கரண்ட் குக்கர் எல்லாவற்றுக்கும் புதுப் பெட்டி அச்சாகி வந்தது. அதைத் தடவிப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்லி முடியாது. எங்கள் வம்சத்தில் அச்சேறிய முதல் எழுத்து அது. மாவ்பிக்குச் சொல்லி அனுப்பினேன்: கூரையுள்ள இடத்தில் வேலை கிடைத்துவிட்டது.

சரக்கு சந்தைகளுக்குப் போனது. போன வேகத்தில் திரும்பி வந்தது.

இன்சீன் சந்தையில் எங்களிடம் மொத்தமாக வாங்கி விற்கும் ஓர் அம்மாள், கட்டுகளை அப்படியே ரிக்‌ஷாவில் போட்டுக் கொண்டுவந்து கடை வாசலில் இறக்கினாள். "ஒருத்தரும் தொட மாட்டேங்கிறாங்க. இது டூப்ளிகேட்டாம்" என்றாள். நாங்கள் பெட்டியைத் திறந்து காட்டினோம். உள்ளே இருப்பது அதே சாமான் என்று சத்தியம் செய்தோம். அவள் உதட்டைப் பிதுக்கினாள். அவளுக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. ஆனால் அசல் பெட்டி எப்படி இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள்: எந்த இடத்தில் இரண்டு எழுத்து ஒட்டிக்கொண்டு நிற்கும், எந்த வரி பாதியில் முறியும், எந்த வார்த்தை மட்டும் தடிமனாக இருக்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். வாங்க வருகிறவர்களுக்கும் அப்படித்தான். ஊருக்குள் புறக்கடைகளில் போலிச் சரக்கு அடைக்கிறவர்கள் அப்போது நிறையப் பேர் இருந்தார்கள். அவர்கள்தான் படித்த ஆளை வைத்து அழகாகப் பெட்டி எழுதுவார்கள். சீனாவிலிருந்து வருவது கோணல்மாணலாகத்தான் வரும் என்பது சந்தைக்கே தெரிந்த விஷயம். படித்த எனக்குத்தான் தெரியவில்லை.

முதலாளி என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சாயங்காலம் என் பையைத் தூக்கிக் கனம் பார்க்காமலே கொடுத்தார். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்த வாரத்திலேயே அடுத்த இடி விழுந்தது. நான் கடையின் பின்கட்டில் திரும்பி வந்த பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். முன்னால் யாரோ ஒரு வாடிக்கையாளர் முதலாளியிடம் பர்மிய மொழியில் குரலை உயர்த்திப் பேசுவது கேட்டது.

"இது டூப்ளிகேட்டு. என்கிட்டயே விக்கப் பாக்கிறீங்களா? அசல் பெட்டி எங்க வீட்டுல இருக்கு. இதுல எல்லா எழுத்தும் வரிசையா, நேரா நிக்குது. ஏமாத்துறவன்தான் இவ்வளவு சுத்தமா எழுதுவான்!"

எத்தனை நாள்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது? எனக்குத் தலைக்கேறிவிட்டது. திரையை விலக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தேன். "யாரு டூப்ளிகேட்டுன்னு சொன்னது? இந்தப் பெட்டியில இருக்கிற ஒவ்வொரு எழுத்தும் நான் எழுதினது!" என்று கத்தினேன்.

கையில் குக்கர்ப் பெட்டியோடு நின்றவர் மாவ்பிக்காரர், பெண்ணின் அப்பா. என் வேலை நிஜம்தானா என்று நடுமூட்டையில் குத்திப் பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறார்.

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தமிழுக்கு மாறி, மெதுவாக, "அப்ப ஒத்துக்கிறீங்க, தம்பி" என்றார்.

"ஐயா, அது அப்பிடி இல்லீங்க…"

"நீங்கதான எழுதினேன்னு சொன்னீங்க? கடைத்தெருவே கேட்டுச்சு. டூப்ளிகேட்டுப் பெட்டி எழுதுறவனுக்கு நான் பொண்ணு குடுக்கிறதா? ரோட்டுல உக்காந்திருந்தப்பவாவது யோக்கியமா இருந்தீங்க." பெட்டியைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

முதலாளிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நடந்தது என்னவென்று அவருக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். குடித்து முடித்ததும் தயங்கித் தயங்கி, "சயா, பழையபடி தப்பாவே எழுதிடலாமா?" என்று கேட்டார்.

எழுதிப் பார்த்தேன். அதைவிடக் கேவலமான வேலையை நான் செய்ததில்லை. தப்பாக எழுத உட்கார்ந்தால் தப்பும் ஒழுங்காக வருகிறது. எங்கேயோ ஓர் இலக்கணம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறது. இன்சீன் அம்மாளிடம் காட்டினோம். ஒரே பார்வையில், "இதுவும் இல்ல" என்று தள்ளிவிட்டாள். கடைசியில் அச்சகத்தார் நைந்துபோன அசல் பெட்டி ஒன்றை விரித்து வைத்து, அதன் மேல் மெல்லிய தாளைப் போட்டு, கோணல்களை அப்படியே வரைந்து எடுத்தார்கள். சரக்கு ஓட ஆரம்பித்தது. "நீங்க இருங்க சயா. பெர்மிட்டுக்கு எழுதுற கடிதமெல்லாம் நீங்கதான் பாக்கணும். பெட்டிப் பக்கம் மட்டும் வராதீங்க" என்றார் முதலாளி. வேலை நிலைத்துவிட்டது. எந்தப் பெண்ணுக்காக வேலை தேடினேனோ அவள்தான் கைநழுவிப் போய்க்கொண்டிருந்தாள். தீபாவளி நெருங்கிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்து மாவ்பிக்கு ரயிலேறினேன். இன்சீன் தாண்டி வயல்கள் வரும்வரை பேச வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அங்கே போனதும் எல்லாம் மறந்துவிட்டது.

அவர் என்னை முன்னறையில் உட்கார வைத்தார். வந்தவனை விரட்டுகிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை. ஆனால் டீ வரவில்லை. நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். மழையில் நைந்த பெட்டிகள், திருத்திய ஆங்கிலம், திரும்பி வந்த கட்டுகள் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கண் கொட்டாமல் கேட்டார்.

"கதை நல்லா இருக்குது. சீனாக்காரன் அவ்வளவு பெரிய பேக்டரி வச்சிருக்கான், அவனுக்குத் தப்பில்லாம நாலு வரி எழுதத் தெரியாது, நீங்க வந்து திருத்தினீங்க. அப்பிடித்தானே?" என்றார். எழுந்து போய்க் கண்ணாடி அலமாரியைத் திறந்தார். உள்ளே ஒரு கரண்ட் குக்கர், வாங்கிய நாளின் பெட்டியோடு உட்கார்ந்திருந்தது. அந்த ஊரில் கரண்ட் வருவதே அபூர்வம் என்பதால் அதில் ஒரு தடவைகூடச் சோறு வேகவில்லை. பெட்டியைத் தூசி தட்டி என் மடியில் வைத்தார். "இதான் அசல். இங்க எழுதியிருக்கிறதப் படிச்சுத் தமிழ்ல சொல்லுங்க. எங்க தப்பு இருக்குதுன்னு பாப்போம்."

படித்தேன். முதல் வரியிலேயே எனக்கு வியர்த்துவிட்டது. பழைய அரிசியை முதலில் ஊற வைக்க வேண்டும் என்று சொல்ல வந்திருக்கிறார்கள். வருகிற வழியில் அரிசி எங்கேயோ சிந்திவிட்டது.

"ம், சொல்லுங்க" என்றார்.

மாற்றிச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மாற்றிச் சொன்னால் தப்பே இல்லை என்று ஆகிவிடும், நான் போலி ஆள் என்பது உறுதியாகிவிடும். உள்ளபடியே சொன்னேன். "கிழவரை முதலில் அரை மணி நேரம் தண்ணீரில் ஊற வைக்கவும். பிறகு மூடியால் நன்றாக அமுக்கவும்."

அவருடைய மீசை ஆடியது.

"என் வீட்டுல உக்காந்துக்கிட்டு, என்னையே… என்னைய ஊற வைக்கச் சொல்றீங்களா?"

"ஐயா, நான் சொல்லலீங்க. பெட்டியில போட்டிருக்குது."

"பெட்டியில எவனாவது இப்பிடிப் போடுவானா? எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு தானே இந்த வெளையாட்டு? என் பொண்ணுக்குத் தெரியும். ரெண்டு வருசம் டியூசன் வச்சிருக்கேன்!" என்றவர் உள்பக்கம் திரும்பி, "இங்க வா, தாயி!" என்று கத்தினார்.

அவள் வந்தாள். அன்று பார்த்ததற்குக் கொஞ்சம் மெலிந்திருந்தாள். அப்பா பெட்டியை அவள் கையில் திணித்து, "படி. இந்த எடம். என்னா போட்டிருக்கு?" என்றார். மாவ்பி டியூஷனில் என்ன சொல்லிக் கொடுத்திருப்பார்களோ, இவள் எதைப் படித்து எதைச் சொல்வாளோ என்று பயந்தேன்.

அவள் பெட்டியை முகத்துக்கு நேராகப் பிடித்து, கண்ணை வரி வரியாக ஓட்டினாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அப்பாவிடம் திரும்பினாள்.

"ஆமாப்பா" என்றாள். "கெழவர ஊற வைக்கச் சொல்லித்தான் போட்டிருக்குது. மூடியால அமுக்கவும் சொல்லியிருக்குது."

அவர் பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இனி என் வழிக்கு வருவார் என்று நான் நினைத்தேன். ஆனால் அவர் கண்ணில் புதிதாக ஒரு சந்தேகம் முளைத்தது.

"ரெண்டு பேரும் எப்போலேருந்து பேசிக்கிறீங்க?" என்றார்.

நாங்கள் பதறிப்போனோம். பேசியதே இல்லை என்று நான் சாமி மேல் சத்தியம் செய்தேன். அவளும் தலையை ஆட்டினாள். மறுக்க மறுக்க அவருக்குச் சந்தேகம் உறுதியாகிக்கொண்டே போனது. "முன்னாடியே சொல்லி வைக்காம ரெண்டு வாய்லேருந்தும் ஒரே பேச்சு எப்பிடி வரும்? அதுவும் இந்த மாதிரிப் பேச்சு! நான் என்ன சின்னப் புள்ளையா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். சந்தைக்குத் தெரிவதற்கு முன்னால், மோல்மேன்காரர்கள் காதுக்குப் போவதற்கு முன்னால், மானத்தோடு காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று அவருக்கு அவசரம் வந்துவிட்டது. அன்றைக்கே ஐயரிடம் ஆள் அனுப்பினார். வாழ்நாள் முழுக்கச் சரியாகக் குத்தியவர், எங்கள் விஷயத்தில் குத்தூசியைத் தப்பான மூட்டையில் சொருகிவிட்டார். எனக்கு அதில் என்ன நஷ்டம்?

கல்யாணம் முடிந்து அலோனில் குடியிருந்தோம். சில மாதங்கள் கழித்து, ஒரு விடுமுறை நாள் மத்தியானம், கடைக்குப் புதிதாக வந்த ஒரு போர்வையின் பெட்டியை அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "இந்தப் போர்வையின் அடியில் உங்கள் விருந்தாளிகள் அமைதியாக முடிந்துபோவார்கள்" என்று அதில் இருந்தது. வாய்விட்டுச் சொல்லாமல், அவளே படித்துச் சிரிக்கட்டும் என்று கையில் கொடுத்தேன்.

அவள் பார்த்தாள். புன்னகை செய்தாள். "நீங்களே சொல்லுங்க" என்று திருப்பிக் கொடுத்தாள்.

என் புத்திதான் தெரியுமே. எதையோ மறைக்கிறாள் என்று பட்டது. "நீ படியேன்" என்றேன். அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள். நான் விடாமல் பெட்டியோடு பின்னாலேயே போனேன்.

"எனக்கு இங்கிலீசு எங்கங்க தெரியும்?" என்றாள், குழம்பைக் கிளறிக்கொண்டே. "டியூசன் வாத்தியாரு பாதி நாளு வரமாட்டாரு. வந்தாலும் எங்க வீட்டு டீயக் குடிச்சிட்டுத் தூங்கிடுவாரு. அப்பாகிட்ட சொல்ல பயந்துக்கிட்டு சும்மா இருந்துட்டேன்."

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. "அப்ப அன்னிக்கு? குக்கர்ப் பெட்டி?"

"கதவுக்குப் பின்னாலதான நின்னேன். நீங்க சொன்னது கேட்டுச்சு. அதையே சொன்னேன்."

"நான் பொய் சொல்லியிருந்தா?"

அவள் கரண்டியை வைத்துவிட்டு என்னை ஏதோ புத்தி மட்டான பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "பொய் சொல்றவங்க நம்புற மாதிரில்ல சொல்லுவாங்க? பொண்ணு கேட்டு வந்த எடத்துல, வீட்டுக்காரரு மூஞ்சிக்கு நேரா, கெழவர ஊற வைன்னு யாராச்சும் பொய் சொல்லுவாங்களா? அதனால நெசமாத்தான் இருக்கும்னு தோணுச்சு. சொல்லிட்டேன்."

நான் பெட்டியைப் பிடித்தபடி நின்றேன். வாழ்க்கையில் ஒருவர் பேச்சையும் சோதிக்காமல் ஏற்றுக்கொண்டதில்லை நான். இவள் என்னோடு அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. படிக்கத் தெரியாத பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, பெற்ற அப்பாவுக்கு எதிரே, என் பக்கம் வந்து நின்றிருக்கிறாள். நன்றி என்று சொன்னால் அது போதாது. என்ன முயன்றும் அடக்க முடியாமல் கண்ணில் நீர் வழிந்துவிட்டது.

அவள் பதறிப்போய்க் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் கையிலிருந்த பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, அழுவுற மாதிரி அதுல என்னா போட்டிருக்கு?" என்றாள்.